வயர் பிடித்த கலையரசி

கூட்டேரிப்பட்டில் டிபன் கடை வைத்திருக்கும் கலையரசிக்குக் கோபம் வந்தால் நெடுஞ்சாலையில் லாரிகள் தாமாகவே வேகம் குறைக்கும். நான் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் அவளுடைய சட்னியைக் குறை சொல்லிப் பார்க்கலாம்.

அது சிறுவயதுக் கோபம். அண்ணன் கோதண்டபாணிக்கு மட்டும் வீட்டில் டிவி கேம் வாங்கித் தந்தார்கள். அதன் வயர் லொடலொட. யாராவது பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் ஆடாது.

"ஒரே ஒரு ஆட்டம் குடுண்ணா."

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு? வயரப் புடி."

பெற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவன் திரையில் பீரங்கி டாங்கி ஓட்டினான். இவள் விடுமுறை முழுக்க வயர் பிடித்தாள். பிடித்த கைக்கு ஒரே ஒரு ஆட்டம் தந்தால் டாங்கி தேய்ந்தா போய்விடும்? என்ன வீடு, என்ன நியாயம்!

போன மாதம் திண்டிவனத்தில் சவுரிராயன் கடையில் மலிவாக ஒரு கேம் பெட்டி கண்ணில் பட்டது. பழைய ஆட்டங்கள் பத்தாயிரம் என்று அட்டையில் போட்டிருந்தது. வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை அண்ணனை விருந்துக்கு அழைத்தாள். அவன் பார்க்க ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

ஜாய்ஸ்டிக்கை எப்படி அமுக்கியும் அவளுடைய டாங்கி அசையவில்லை.

"உனுக்கு வயர் புடிக்கத்தான் வரும் கலை" என்று சிரித்துவிட்டு, அவள் ஆக்கிய கறிச்சோற்றையே தின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் அவள் போட்ட கூச்சலுக்கு மயிலம் மலையில் மயில்கள் பதில் அகவின என்று ஊரில் ஒரு பேச்சு. கிளப்பியது நான்தான்.

"இன்னாய்யா வித்துக்கினு இருக்க? ஆடாத பொம்மையா?"

"பேஜார் பண்ணாதக்கா. குடு, பாக்கலாம்."

சவுரிராயன் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். ஜாய்ஸ்டிக் செருகும் துளைக்குள் காய்ந்த சந்தனமும் குங்குமமும். புதுப் பொருளுக்குப் பொட்டு வைத்தவள், துளையின் மேலேயே அப்பிவிட்டிருந்தாள்.

"டிவி கேமுக்கு ஆயுத பூஜையாக்கா?" கடையே சிரித்தது.

"புதுசுக்குப் பொட்டு வெக்காம உன் மூஞ்சிக்கா வெப்பாங்க?"

அவர் ஊசியால் சுரண்டி, கடை டிவியில் மாட்டிக் கொடுத்தார். டாங்கி ஓடியது. அவள் விடவில்லை, ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்தாள். முகம் சிவந்தது.

"எங்கய்யா பத்தாயிரம்? அதே டாங்கிதான் பேர மாத்திக்கினு மாத்திக்கினு வருது!"

"அது கம்பெனிக்காரன் போட்டதுக்கா."

"வித்தது நீதான? சந்தனம் என் தப்பு, ஒத்துக்கினேன். பொய்யி யார் தப்பு?"

சவுரிராயனுடைய சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, அலமாரியில் இருந்த அத்தனை அட்டைகளிலும் 'பத்தாயிர'த்தை அடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். சிரித்தவர்களே அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்களாம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் மறுபடி வந்தான். ஆட்டம் தொடங்கியதும் படம் ஆடியது. டிவிக்குப் பின்னால் வயர் தளர்ந்திருந்தது. புது வயர் எப்படித் தளர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அண்ணா, அந்த வயரப் புடி."

பிடித்தான். படம் ஆடாமல் நின்றது. டாங்கி சுட்டுத் தள்ளியது. வெகுநேரம் கழித்து அவன் மெல்லக் கேட்டான்:

"எனக்கு ஒரு ஆட்டம் குடு கலை."

"ஆம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு?" என்றாள், திரும்பாமலே. "ஆட்டாம புடிண்ணா."