சத்தமில்லாத செட்டு

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ரேடியோக்காரர். சார்ஜன் பதவி. "ரேடியோ ரிப்பேர் பண்றாரா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. படை எந்தக் காட்டில் கிடந்தாலும் தலைமையிடத்தோடு பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கல்யாணமானதிலிருந்து பாதிக் காலம் கடல் தாண்டி சபா, சரவாக் என்று போய்விட்டார். மகளை நான் ஒற்றை ஆளாக வளர்த்து, அவள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போன பிறகுதான் மனிதருக்கு மலாக்காவுக்கு மாற்றல் கிடைத்தது.

பாயா ரும்புட்டில் எங்கள் வீடு, தஞ்சோங் கிளிங் பக்கம் அவர் கேம்ப். காலையில் மோட்டார் சைக்கிளில் போவார், சாயங்காலம் மோட்டாரில் வருவார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதிதாகக் கல்யாணமான மாதிரி இருந்தது எனக்கு. மோட்டார் சத்தம் கேட்டால் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். மகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

அப்படி ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்த நேரத்தில்தான் கேம்ப்புக்குப் புது ரேடியோ செட்டு வந்தது.

பழைய செட்டை எனக்குத் தெரியும். ஒரு தடவை குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேம்ப்பில் விருந்து வைத்தபோது தூக்கிப் பார்த்தேன், இடுப்பு விட்டுப்போனது. அதைக் காதில் மாட்டினால் எப்போதும் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்குத் தலைவலி வந்தது. அவருக்கோ அந்த இரைச்சல்தான் உயிர். இரைச்சல் இருந்தால் செட்டு வேலை செய்கிறது, நின்றால் பேட்டரியோ ஏரியலோ போய்விட்டது. இருபது வயசிலிருந்து காதுக்குள் அதைக் கேட்டே பழகிய மனிதர். வீட்டிலும் அப்படித்தான். நான் சமையல் கட்டில் கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டாமல் இருந்தால், ஹாலில் இருந்து குரல் வரும். "இருக்கியா?"

"இருக்கேன் லா. எங்க ஓடிப்போகப் போறேன்?"

புது செட்டு இரையாது. அது கம்ப்யூட்டர் மாதிரி. பேச்சைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகிறதாம், அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கிறதாம், மலைக்குப் பின்னால் இருந்தாலும் செயற்கைக்கோள் வழியாகப் போய்ச் சேருகிறதாம். யாராவது பேசினால் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி சுத்தமாகக் கேட்கும். யாரும் பேசாவிட்டால் துளிச் சத்தம் கிடையாது. லைன் இருக்கிறதா இல்லையா என்பதைத் திரையில் ஒரு சின்னப் புள்ளி காட்டும். அதைப் பார்த்தால் போதும். இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தொழிலில் எதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் பயிற்சி முடிந்து வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொணம் மாதிரி கெடக்குது மா அந்த செட்டு. உயிரோட இருக்கா செத்துருச்சான்னே தெரியல."

"அதான் புள்ளி இருக்குன்னு சொன்னீங்களே."

"புள்ளிய கண்ணு பாக்குது. காது நம்ப மாட்டேங்குது."

காது நம்பாததால் கை என்ன செய்யும்? பேசுகிற பொத்தானை அமுக்கி, "ரேடியோ செக்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கும். பழைய ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் ஒளிந்திருக்கிற படையில் ஒருவன் ஒரு நொடி பொத்தானை அமுக்கினாலும், அந்த அலையைப் பிடித்து எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பயிற்சி கொடுத்த அதிகாரியை துவான் என்பார்கள், அவர் முன்னால் ஒரு திரை. யார் அமுக்கினாலும் அவர் பெயர் அதில் சிவப்பாக எரியும். அதிகம் எரிந்தது என் வீட்டுக்காரர் பெயர்தான். இத்தனைக்கும் தான் அமுக்கியது அவருக்கே தெரியாது. சின்ன வயசுக்காரர்கள் எதிரிலேயே துவான் சொன்னாராம், "சார்ஜன், நம்ம எல்லாரையும் கொன்னுட்டீங்க."

கடைசிப் பரீட்சையில் தோற்றால் ரேடியோ வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. எடுத்து எங்கே போடுவார்கள்? மறுபடியும் சரவாக்கில் ஏதோ ஒரு ஸ்டோரில். வந்து உட்கார்ந்த மனிதரை மறுபடியும் பிளேன் ஏற்றிவிட என்னால் முடியாது.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு டீச்சர். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிள்ளைகளை உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. பிள்ளைகளுக்குச் செய்கிறதை இவருக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் டீ குடித்து முடித்ததும் அவரை டிவி முன்னால் உட்கார வைத்தேன். டிவி அணைந்திருந்தது. மகள் விட்டுப்போன ஹெட்போனை அவர் காதை மூடி மாட்டினேன். கையில் ரிமோட்டைக் கொடுத்தேன்.

"இதான் பொத்தான். விரல் அது மேலயே இருக்கணும். அமுக்குனா டிவி வந்துரும். டிவி வந்தா எதிரி பாத்துட்டான், நம்ம ரெண்டு பேரும் அவுட்."

"பைத்தியமா உனக்கு?"

"வாயப் பொத்துங்க. பரீட்சை நடக்குது."

நான் எதிரில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினேன். ஒரு பிடி நறுக்குவதற்குள் டிவி அலறியது. சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவர் ரிமோட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். அமுக்கியதே தெரியவில்லை என்று சத்தியம் செய்தார். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பாலர் வகுப்பு நடக்காது.

"கை அரிக்கும்போது என்னா செய்யணும்?"

"என்னா செய்யணும் டீச்சர்?"

"மூச்ச இழுத்து விடணும். அப்புறம் புள்ளியப் பாக்கணும்."

டிவியின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியுமே, அதுதான் புள்ளி. கை துடித்தால் மூச்சு, பிறகு விளக்கு. தினமும் இதே பாடம். கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் கரண்டியால் முட்டியில் ஒன்று வைத்தேன். மெல்ல மெல்ல டிவி அடங்கியது. ஒரு நாள் நான் சோறு வடித்து, குழம்பு இறக்கி, துணி மடித்து முடிக்கிற வரைக்கும் விரல் அசையவில்லை. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் கடைசி வாரத்தில் என்னவோ ஆகிவிட்டது. மறுபடியும் டிவி அலற ஆரம்பித்தது. ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததுமே அமுக்கினார்.

"என்னங்க, கவனம் எங்க போவுது? இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப கோட்ட விடப் போறீங்களா?"

அவர் டிவியை அணைத்தார். நான் விடவில்லை. அந்த வாரம் அவரை வறுத்து எடுத்தேன். சரவாக்கை நினைக்க நினைக்க எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் விரல் மறுபடியும் அடங்கியது.

பரீட்சை ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள். வண்டிக்குள்ளே செட்டை வைத்துக்கொண்டு, உத்தரவு வருகிற வரை ஒரு வார்த்தை பேசாமல் காத்திருக்க வேண்டும். அன்று பள்ளியில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சாயங்காலம் மோட்டார் சத்தம் கேட்டது. கண்ணாடி பார்க்கக்கூட நிற்காமல் வாசலுக்கு ஓடினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்.

"பாஸ்."

நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். சந்தோஷத்தில் என்னென்னவோ பேசினேன். பாயசம் வைக்கிறேன், மகளுக்குப் போன் போடுகிறேன் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரமே துவான் சொல்லிட்டாரு மா. ஃபெயில் ஆனவங்க இங்க கேம்ப்லயே ஸ்டோர்ல இருப்பாங்க. பாஸ் ஆனவங்க புது செட்ட எடுத்துக்கிட்டு சபா போவணும். கரையோர போஸ்ட்ல உள்ளவங்களுக்கு இவங்கதான் சொல்லிக் குடுக்கணும். எப்பத் திரும்பறதுன்னு சொல்லல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது, எப்படி வந்தது என்றே தெரியாத கோபம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னா சொல்லிருப்ப?"

"ஃபெயில் ஆவுங்கன்னு சொல்லிருப்பேன். கால்ல விழுந்தாவது சொல்லிருப்பேன்."

"அந்த வார்த்தைய உன் வாயால சொல்ல வேணாம்னுதான். பின்னாடி நெனச்சி நெனச்சி நீதான் வருத்தப்படுவ. நானே அமுக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் வீட்ல ஒரு வாரமா அமுக்கிப் பழகுனேன்."

அந்த வாரம் நான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் ஏங்க அமுக்கல?"

அவர் வலது கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டியில உக்காந்ததும் அமுக்கத்தான் போனேன். பொத்தான் மேல வெரல் இருக்கு. உடனே மூச்ச இழுத்து விட்டேன். புள்ளியப் பாத்தேன். மறுபடி அமுக்கப் போனேன். மறுபடி மூச்சு, மறுபடி புள்ளி. கடைசி வரைக்கும் கை வரல." கையை மடக்கிக்கொண்டு சொன்னார், "நல்லா சொல்லிக் குடுத்துட்ட மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே பாராட்டினார்.