சேனைக்கிழங்கு வெந்த தண்ணீர்

என் தங்கை உள்ளங்கை இரண்டிலும் எண்ணெய் தடவிக்கொண்டு சேனைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். பச்சைக் கிழங்கில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வெறுங்கையில் பட்டால் அரித்துத் தள்ளும். அவள் தையல்காரி. கை அரித்தால் அன்று ஊசி பிடிக்க முடியாது. கடைத்தெருவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். துணி வெட்டுவதால் மட்டும் வந்த பெயரில்லை.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிவிட்டன. வாராவாரம் டயாலிசிஸ். உணவில் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும்; கழிவாக வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும். சேனையில் மாவும் நாரும் இருப்பது போலவே பொட்டாசியமும் நிறைய. மூலத்துக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்தென்று சின்ன வயதிலிருந்தே அதைத் தின்று வளர்ந்தவள், விடமாட்டேன் என்றாள். டயாலிசிஸ் நிலையத்து உணவு ஆலோசகி யோசித்து ஒரு வழி சொன்னார்: மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவை. பொட்டாசியம் பெரும்பகுதி தண்ணீரோடு இறங்கிவிடும். பிறகு ஒரு கைப்பிடி தின்னலாம்.

அப்படியே செய்தாள். ஆனாலும் அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. கிழங்கை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவள் கணவர் நாக்கைக் கட்டு என்றார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தவள் நான். நானும் அதையேதான் சொன்னேன்.

"நறுக்கினது சரி, வடிச்சது சரி. செய்யாத தப்புக்கு நான் ஏன்க்கா பட்டினி கிடக்கணும்? வேற எங்கயோ ஓட்டை இருக்கு. நீ வந்து உக்காந்து பாரு."

அவள் கிழங்கை நிறுத்தவில்லை; சொன்னபடியே வேகவைத்து வடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்தேன். அவள் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் பார்த்தேன். காலையிலும் மதியத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் கணவர் வழக்கம்போல அவளுக்கு சூப் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். மனைவி நோயில் விழுந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் வந்தவர். சூப் கொழகொழவென்று கலங்கியிருந்தது. எந்தத் தண்ணீர் மாப்பிள்ளை என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைக் காட்டினார். "சேனை வெந்த தண்ணிக்கா. சத்தெல்லாம் இதுலதான இருக்கு? இவ கொட்டச் சொல்லிட்டுப் போயிடுவா. எனக்கு மனசு வரல."

அவர் வளர்ந்த வீட்டில் காய் வெந்த தண்ணீரை யாரும் கொட்டியதில்லை. நல்ல பழக்கம்தான், சிறுநீரகம் வேலை செய்கிற வீட்டில்.

தங்கை கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "நீங்க சொல்றது சரிதாங்க. சத்து பூரா அதுலதான் இருக்கு. அதுதான் என்னைக் கொல்லுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கிழங்கே இனி வீட்டுக்கு வேண்டாம் என்று முனகினார்.

"கிழங்கு என்ன பண்ணுச்சு? உங்களை அடுப்படியில விட்டேன் பாருங்க, அதைச் சொல்லுங்க," என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சூப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, நிலையத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். படபடப்போ தளர்ச்சியோ வந்தால் உடனே கூட்டி வாருங்கள், இல்லையென்றால் காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றார்கள்.

மறுநாள் காலை மூவரும் போனோம். ஆலோசகி, எதற்கும் அடுத்த பரிசோதனை வரை கிழங்கை நிறுத்துங்கள் என்றார். தங்கை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"நிறுத்துறேன்மா. அளவு இறங்கிடுச்சுன்னா திரும்பத் தின்பேன். அப்ப வந்து வேற கதை சொல்லக் கூடாது."

ஆலோசகி என்னைப் பார்த்தார். நான் தங்கை பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இறங்கினால் பாதிக் கைப்பிடி, அதற்கு மேல் பேச்சில்லை என்றார்.

பாதிக்கு ஒத்துக்கொண்டு, கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தானே நடந்துபோய்ப் படுக்கையில் ஏறி ஊசிக்குக் கையை நீட்டினாள்.