ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்பு

ரூத்தும் நானும் பல வருடம் ஒரே ஸ்டாஃப் பஸ்ஸில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் போய்வந்தோம். அவள் கருங்குழியில் ஏறுவாள், நான் செங்கல்பட்டில். எனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று தெரிந்து அவள் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் கும்பகோணத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் அதிகம் பேச மாட்டாள். சிரிப்பு வந்தால்கூட கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவளுடைய அப்பா அம்மா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தாள். அவர்கள் தெருவில் ஆபீசுக்குப் போன முதல் ஆள் இவள்தான். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சர்ச்சில் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று கொடுப்பார்கள். மற்றவர்கள் வசனத்தைப் படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்துவிடுவார்கள். ரூத் மட்டும் அட்டையின் பின்பக்கம், அந்த வருடம் தன்னிடம் எதைத் திருத்திக்கொள்ளப் போகிறாள் என்று பென்சிலால் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

ஒரு வருடம், 'யார் எது கேட்டாலும் உடனே சரி சொல்லக் கூடாது' என்று எழுதினாள். அது தெரியாமல் நான் என் டைப்பிங் வேலையை அவள் தலையில் கட்டப் போனேன். "இன்னிக்கு முடியாது அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவள்மேல் மரியாதைதான் வந்தது.

தொண்ணூற்றெட்டில் அவள் எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'வீட்டில் பேசுகிற மாதிரி வெளியே பேசக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது.'

"ஏண்டி, இதெல்லாம் ஒரு குறையா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது அக்கா. நீங்க எப்படிப் பேசினாலும் தஞ்சாவூர்ப் பேச்சு, கேக்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நான் வாயைத் திறந்தா சிரிக்கிறாங்க."

என் வாயை அடைத்தவர்கள் ரொம்பக் குறைவு, இவள் அதில் ஒருத்தி.

அந்த வருடம்தான் ஒத்திகை வந்தது. ஏதாவது ஆபத்து என்றால் சுற்றுவட்டார மக்கள் எப்படி வெளியேற வேண்டும் என்று அவ்வப்போது பழக்கிப் பார்ப்பார்கள். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, நிற்கும் பஸ்ஸில் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பொறுப்பதிகாரி ராமானுஜம் அறிவிப்புக்கு ரூத்தைத் தேர்ந்தெடுத்தார். "நல்லா பண்ணிட்டா இனிமே எல்லா ஒத்திகைக்கும் நீதாம்மா" என்றார்.

ரூத்துக்கு அது பெரிய ஆசை. ஓய்வு பெறும்வரை டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்க அவளுக்கு மனமில்லை. ஜனங்களோடு பேசுகிற வேலை வேண்டும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் எந்த ஊர் என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில், கடலோரச் சவுக்குத்தோப்பை ஒட்டிய ஊர். அவளுடைய சொந்த அத்தை ரெபேக்காள் வாக்கப்பட்ட ஊர்.

"அத்தை வாய் சும்மா இருக்காது அக்கா. சார் எதிர்ல எதுனா சொல்லிட்டா என் கதை முடிஞ்சுது" என்றாள்.

ஒத்திகை அன்று சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற வேலையாக நானும் போயிருந்தேன். ஜீப் ஊர் நடுவில் நின்றது. ரூத் தாளைப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஆரம்பித்தாள். "அன்பார்ந்த பொதுமக்களே! இது ஒரு பாதுகாப்பு ஒத்திகை. அனைவரும் பதற்றமின்றித் தங்கள் இல்லங்களிலிருந்து வெளியேறி..." வானொலியில் வாசிப்பதுபோல அத்தனை சுத்தமாக இருந்தது. டீக்கடையில் இருந்த ஒருத்தர் எழுந்து ஜீப் டிரைவர் அப்பாசாமியிடம் வந்தார்.

"அண்ணாத்த, எந்தக் கட்சி? சின்னம் இன்னா?"

"கட்சியெல்லாம் இல்லபா. ஆபத்துன்னா எப்டி ஓடணும்னு சொல்லிக் குடுக்குறாங்க."

"அப்டியா" என்று அவர் மறுபடி போய் டீயை எடுத்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. ராமானுஜம் கடிகாரத்தைப் பார்த்தார். ரூத் முதலிலிருந்து படித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலையில் சவுக்கு மிளாறு விறகுக் கட்டோடு ஒரு அம்மாள் தோப்பிலிருந்து வந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் கட்டைத் தொப்பென்று போட்டாள்.

"ஏ ரூத்து! நீயாடி? யாரோ ரேடியோக்காரின்னு பாத்துகினு கீறேன். கொரலு ஏன்டி இப்டி கீது? சளி புடிச்சிகிச்சா?"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. ராமானுஜம் திரும்பிப் பார்த்தார். ரூத் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாளை நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் இறங்கினேன். அதற்குள் ரூத் தாளை மடித்து அப்பாசாமி கையில் கொடுத்துவிட்டாள். அந்த நிமிஷம் என்ன நினைத்தாள் என்று பின்னால் சொன்னாள்: "இவங்களுக்காகத்தானே வந்தேன். இவங்களுக்கே புரியலன்னா, நான் யாருக்குப் பேசிகினு கீறேன்னு தோணுச்சு அக்கா."

மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. எல்லாரும் கேளுங்க! ஒரு நாளு நெஜமா ஆபத்து வந்துச்சின்னா இன்னா பண்ணுவீங்க? பேஜாராயி ஆளுக்கொரு பக்கம் ஓடுவீங்க. அதுக்குத்தான் இன்னிக்கே பழகிக்கலாம்னு வந்துகீறோம். அடுப்ப அணைங்க, வூட்டப் பூட்டுங்க, புள்ளைங்கள இட்டுகினு பஸ்ஸுல ஏறுங்க. திருக்கழுக்குன்றம் போயி வந்துரலாம்!"

தெருவே எழுந்து வீட்டுக்குள் ஓடியது. ராமானுஜத்துக்கு முகமெல்லாம் பல். ஆனால் உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கதவு திறந்தது. ரெபேக்காள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் பட்டில் வந்தார்கள். பிள்ளைகள் முகத்தில் பவுடர். ஒருத்தி கூடையில் புளிசாதம், இன்னொருத்தி கையில் மலைக்கோயிலுக்குத் தேங்காய் பழம். அந்தத் தெருவில் பஸ் வந்து நின்றால் கல்யாணம், இல்லையென்றால் கோயில். வேறு எதற்கும் அங்கே பஸ் வந்ததில்லை.

"ரூத்! இது எமர்ஜென்சிம்மா!" என்று ராமானுஜம் தலையில் கைவைத்தார்.

"அத்தை, ஆபத்துன்னு சொல்றேன், பட்டுப்பொடவ கட்டிகினு வர்றியே!"

"இன்னாடி பேசுற? நாலு பேர் இருக்கிற எடத்துக்குப் போறோம். ஆபத்துன்னா அழுக்குப் பொடவையோடவா போவாங்க?"

ரூத் சிரித்தாள். கையில் மைக் இருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை, மைக்கை அணைக்கவும் தோன்றவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, ஒலிபெருக்கி வழியாகச் சவுக்குத்தோப்பைத் தாண்டிப் போனது. என்னவோ ஏதோ என்று பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஊரே சிரித்தது. ராமானுஜம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இத்தனை அழகான சிரிப்பை இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்தாளே என்று கோபமும் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் மறுபடி பேசினாள். "இன்னிக்கு இப்டியே ஏறுங்க. ஆனா நெஜமா வந்தா, கட்டுன துணியோட ஓடியாரணும். பொடவ அப்புறம் வாங்கிக்கலாம். எங்களுக்கு நீங்க வேணும்."

மத்தியானம் இன்னொரு முறை ஒத்திகை வைத்தபோது, அதே பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குடுகுடுவென்று ஓடிவந்தார்கள். ராமானுஜம் கிளம்பும்போது ரூத்திடம், "அடுத்த தடவை எழுதிக் கொடுத்ததைப் படிக்க வேண்டாம்மா. நீ பேசறதையே பேசு" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் நான் அவளைச் சீண்டினேன். "இந்த வருஷத்து அட்டையில் தோத்துட்டியே?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன் அக்கா" என்றாள். அந்த அட்டையை எடுத்து, ரப்பரால் பின்பக்கத்தைச் சுத்தமாக அழித்தாள்.

அதன்பிறகு ஒத்திகை என்றாலே ரூத்துதான். ஆபீசில் அவள் போன் எடுத்தால் மூன்று அறை தள்ளிக் கேட்கும்.

இரண்டாயிரத்து நாலில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. மறுநாள் ரூத்தும் நானும் புதுப்புடவைகளை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போனோம். ஒத்திகையில் போன அதே பள்ளிக்கூட வராண்டாவில் ரெபேக்காளின் தெரு ஜனங்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருத்தரும் குறையவில்லை. ரெபேக்காள் பழைய சேலையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை பெட்டியோடு கடலில் போய்விட்டது.

"மீன் கழுவிகினு இருந்தேன். கைய கூட தொடைக்கல. கட்டுன துணியோட ஓடியாந்தேன்டி. எல்லாரையும் கத்தி இட்டாந்தேன். நீ சொன்னல்ல" என்றாள்.

ரூத் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பையைத் திறந்து ஒரு நூல்புடவையை எடுத்து மடியில் வைத்தாள். ரெபேக்காள் அதை விரித்துப் பார்த்து, முன்னும் பின்னும் திருப்பினாள்.

"பொடவ அப்புறம் வாங்கித் தரேன்னு மைக்ல சொன்னியே. பட்டு எங்கடி?"

ரூத் சிரித்தாள். மைக் எதுவும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.