அக்காவும் நூறு ஆட்டமும்

எங்கள் அக்கா விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன வருடத்தில், அவளால் யாழ்ப்பாணப் பட்டினம் வரைகூடப் பேருந்தில் ஒழுங்காகப் போய்வர முடியாது. சண்டிலிப்பாயில் ஏறினால் மானிப்பாய் ஆஸ்பத்திரி வருமுன் முகம் வெளிறிவிடும். அம்மா ஒரு பையை விரித்துக் கொடுப்பார். சத்தி எடுத்து முடிந்ததும் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரோ எடுத்தது போல வெளியே பார்ப்பாள்.

பிள்ளைகளே, அது சண்டை ஓய்ந்து, பாதை திறந்திருந்த கொஞ்சக் காலம். பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் பயணிகள் விமானம் பறந்தது. தோட்டத்தில் நிற்கும்போது அது தலைக்கு மேலால் போனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். அக்கா பார்த்ததோடு விடவில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, விமானம் ஓட்டப் பழக்கும் இடம் ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். பதிலும் வந்தது. மாத முடிவில் கொழும்புக்கு வர வேண்டும். முதலில் டாக்குத்தர் சோதிப்பார். பிறகு ஓர் ஆசிரியரோடு சின்ன விமானத்தில் ஏற்றி, பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பார்கள்.

அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். புகையிலையும் மரக்கறியும் செய்கிற மனிதர். எதையும் உடனே வேண்டாம் என்று சொல்லமாட்டார். அன்று வீட்டுக்கு வந்திருந்த மாமாதான் சிரித்தார். அவர் மினிபஸ் ஓடுகிறவர். அக்காவின் வயிற்றைப் பற்றி அவருக்கு நேரடி அனுபவம் உண்டு.

“பிளேனிலை யன்னல் திறக்கேலாது பிள்ளை. தெரியுமோ?”

“நான் யன்னல் கரையிலை இருக்கப் போகேல்லை மாமா. முன்னுக்கு இருக்கப் போறன்.”

“முன்னுக்கும் கண்ணாடிதான்.”

அப்பா சிரிக்கவில்லை. “அந்தரத்திலை வைச்சு உனக்குத் தலை சுத்தினா, பின்னாலை இருக்கிற சனத்தின்ரை கதி என்ன?” என்று கேட்டார். பிறகு அப்பாவே ஒரு வழி சொன்னார். வளவுப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டித் தருவார். நூறு ஆட்டம் சத்தி எடுக்காமல் ஆடிக் காட்டினால், தானே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

“தம்பி ஆட்டட்டும். அவனே எண்ணட்டும். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. விமானம் ஓட்டப் பழக்குகிறவர்களில் நானும் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பின்னேரங்களில் அக்கா ஒரு கையில் கயிறும் மறுகையில் மணந்துகொள்ள அம்மா கொடுத்த தேசிக்காயுமாக ஏறி இருப்பாள். நான் பின்னால் நின்று பலமாகத் தள்ளுவேன். அவள் எழுதித் தந்த கேள்விகளை ஆட்டத்துக்கு நடுவில் கேட்கவும் வேண்டும். “விமானம் வடக்கை போகுது. காத்து கிழக்கிலை இருந்து அடிக்குது. எந்தப் பக்கம் திருப்புவாய்?” முப்பது ஆட்டம் வரை, “கிழக்கை, கொஞ்சமா” என்று வாயால் பதில் வரும். அதற்குப் பிறகு விரலால்தான் காட்டுவாள். நாற்பது தாண்டினால் விரலும் வராது.

முதல் நாள் பதினெட்டு. அடுத்த கிழமை நாற்பத்துநான்கு. கொழும்புக்குப் போக நாலு நாள் இருக்கையில் எழுபத்தொன்று வரை வந்தாள். அதோடு காலை நிலத்தில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்திவிட்டு வாழைக்குப் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“தம்பி, அப்பா கேட்டா நூறு எண்டு சொல்லடா.”

“எழுபத்தொண்டுதானே அக்கா.”

“எனக்குத் தெரியும். நீ சொல்லன்.”

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அப்பா தோட்டத்தால் வந்து காலைக் கழுவிக்கொண்டே “எத்தினை?” என்று கேட்டதும், வாய் தன்பாட்டில் “எழுபத்தொண்டு” என்றது. அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்று இரவு அக்கா சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளி, “இந்தாரும் சாட்சிக்காரர்” என்றாள், அவ்வளவுதான். கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்ததைப் பார்த்தேன்.

மறுநாள் விடிய, கத்தரிக்காய் மூட்டைகளைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் புகையிலை வெட்டும்போது அப்பாவின் கையில் கத்தி பட்டிருந்தது. எங்களிடம் லான்ட்மாஸ்டர் ஒன்று இருந்தது. இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் பெட்டியைக் கொழுவினால் சாமான் ஏற்றலாம். நீளமான இரண்டு கைபிடிகளையும் இறுக்கிப் பிடித்தால்தான் அது சொன்ன பக்கம் திரும்பும். தோட்டத்துக்குள் அக்கா அதை ஓட்டியிருக்கிறாள். றோட்டில் ஓட்டியதில்லை.

“நீ ஓட்டு” என்றார் அப்பா. நானும் அவரும் மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்தோம்.

குன்றும் குழியுமான றோட்டு. ஒவ்வொரு கிடங்கிலும் எனக்குப் பல் அடிபட்டது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், “என்ன அண்ணை, சாரதியை மாத்திப்போட்டியள்?” என்று கேட்டுப் போனார். அப்பா காதில் விழாதது போல அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தை வாசலில் இறங்கியதும் கேட்டார்:

“வயித்தைப் பிரட்டுதோ?”

“என்னது?” என்றாள் அக்கா.

திரும்பும்போது அப்பா ஒரு வேலை செய்தார். அக்காவைப் பின்னால் ஏற்றிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஓட்டினார். அதே றோட்டு, வெறும் பெட்டி. ஒரு மைல் போகவில்லை, அக்கா பெட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தாள். முடியும் வரை அப்பா நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தோற்றுப்போன பிள்ளையை ஏன் இன்னொரு தரம் வதைக்கிறார்?

“இனி முன்னுக்கு வா” என்றார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கைபிடியைப் பிடித்தாள். வீடு வரும் வரை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

வீட்டு வாசல் படலையடியில் அப்பா மெதுவாக இறங்கினார். “எந்தத் திகதி வரச் சொன்னவை?”

அக்கா அழுதாள்.

அப்பாவும் அக்காவும் கொழும்புக்குப் போய் நாலாம் நாள் திரும்பினார்கள். அக்காவின் முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது. ஆனால் வாய் மூடவில்லை. டாக்குத்தர் சரி என்றாராம். மேலே போனதும் ஆசிரியர் விமானத்தைக் கொஞ்ச நேரம் அவள் கையில் விட்டாராம். அடுத்த மாதமே பழக வரச் சொன்னார்களாம்.

“சத்தி எடுத்தவவோ?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“போகேக்கையும் வரேக்கையும் பஸ்ஸிலை எடுத்தவள். மேலை ஒண்டும் இல்லை.” அப்பா சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். “எனக்குத்தான், அவள் இறங்கிற வரைக்கும் வயித்தைப் பிரட்டிப்போட்டுது.”

“நீங்களும் ஏறினனீங்களோ?”

“இல்லையடா. கீழை நிண்டனான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்துவிட்டார். நிலத்தில் அசையாமல் நின்ற ஒரு மனிதருக்கு எப்படி வயிறு பிரட்டும் என்று மட்டும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.