நாற்பத்தொன்றாம் நம்பர் திருடன்

ஹர்கமான் ராய் மருமகனைக் கண்டால் எழுந்து ஓடுவார். சிஸ்னே கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அடிக்க வருகிற மாமனார் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாமனார் உண்டு. இவர் ரகமே வேறு. பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தார்.

மருமகன் சந்தபீர், மூன்று மணி நேர நடைதூரத்தில் கீழே இருக்கும் ராம்பு கிராமத்துக்காரன். மலைமுகட்டு டீக்கடைகளுக்கு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் நெற்றிப் பட்டையில் சுமந்து ஏற்றுகிற வேலை. ஒரு தடவை ஆளுயர ஃப்ரிட்ஜையே தனியாகச் சுமந்து ஏற்றினான். வழியில் பார்த்தவர்கள் ஃப்ரிட்ஜ்தான் நடந்து வருகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். வாய் மட்டும் அவனுக்கு அவ்வளவாகத் திறக்காது. அப்பேர்ப்பட்டவன் ஹர்கமானின் காட்டுக்குக் கிழங்கு மூட்டை தூக்க வந்து, மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அவர் மகள் சுக்மாயாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் பக்கம் அது பெரிய குற்றமில்லை. பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்றாம் நாள், மூடி திறக்காத பாட்டிலில் கேழ்வரகுச் சாராயம் கொண்டுபோய்ப் பெண்ணின் அப்பா முன்னால் வைத்து, திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். "உங்க வீட்டுல ஒண்ணு காணாமப் போச்சு. தேடாதீங்க. எடுத்தவன் நான்தான். பொருள் பத்திரமா இருக்கு." இவ்வளவுதான். அப்பா அதை முழுசாகக் கேட்டு பாட்டிலை வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் திட்டலாம், இரண்டு அறை விடலாம், அபராதமாகப் பன்றி கேட்கலாம். வாங்கிவிட்டால் அவன் மருமகன். வாங்காத வரைக்கும் அவன் திருடன்; அவள் காணாமல் போன பொருள். பிறந்த வீட்டு முற்றத்தில் அவள் கால் வைக்கக் கூடாது. தசைன் பண்டிகைக்கு ஊரெல்லாம் அப்பா கையால் நெற்றியில் டீகா வைத்துக்கொண்டு திரியும்போது, சுக்மாயா வெறும் நெற்றியோடு மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருப்பாள்.

சந்தபீர் முதல் தடவை பாட்டிலோடு போனபோது ஹர்கமான் பின் ஜன்னல் வழியாகக் குதித்தார். இரண்டாம் தடவை கிழங்குக் குழிக்குள் இறங்கி மேலே சாக்கைப் போட்டுக்கொண்டார். அவர் வீடு சரியாக முகட்டின் மேல் இருக்கிறது. முன்வாசல் இந்தியா, மாட்டுத் தொழுவம் நேபாளம். மூன்றாம் தடவை தொழுவத்துக்குள் போய் நின்றுகொண்டு, "நான் வெளிநாட்டுல இருக்கேன், வந்ததும் பாக்கலாம்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினார். சந்தபீர் சார்பாகப் பேச வந்த சித்தப்பாவுக்கு அதோடு வெறுத்துவிட்டது. "உன் மாமனாரப் பிடிக்கணும்னா வலைதான் போடணும். இனிமே நீயே போயிப் பேசிக்க" என்று சொல்லிவிட்டார். சந்தபீரும் வருஷத்துக்கு இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஆறிக்கொண்டிருக்கிற டீக்கிளாஸைத்தான் பார்த்தான்.

இந்த நிலையில்தான் மாரத்தான் வந்தது.

ஐந்து நாள், நூற்றெண்பது கிலோமீட்டர், மலையடிவாரத்திலிருந்து முகட்டுக்கு ஏறி, முகட்டோடு ஓடி, திரும்பி இறங்க வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மேஜர் குருங் நடத்தினார். ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சுக்மாயா அரிசி வாங்கப் போனவள், அரிசியை மறந்துவிட்டு நோட்டீஸோடு வந்தாள். கிழித்தே கொண்டுவந்துவிட்டாள்.

"இதப் பாருங்க. மூணாவது செக்போஸ்ட், சிஸ்னே. பொறுப்பாளர் ஹர்கமான் ராய்."

"உங்கப்பாவா? அவரு எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"ஆரஞ்சுக் கலர்ல சட்டையும் விசிலும் குடுத்தாங்களாம். போதாதா அவருக்கு? கீழ படிங்க. கடைசி ஆள் போற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. ரெண்டாம் நாளு ஒரு தடவ, திரும்பி வரும்போது நாலாம் நாளு ஒரு தடவ."

சந்தபீர் நோட்டீஸைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவன் முழங்காலுக்கு முதலில் புரிந்தது.

"நான் ஓடினதே இல்லியே."

"என்னக் கூட்டிக்கிட்டு ஓடினீங்கல்ல? அதே மாதிரி ஓடுங்க. இந்தத் தடவ என்னத் தூக்க வேண்டியதில்ல."

உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணமில்லை. டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவாய் என்று கேட்டார். ஓடமாட்டேன், சிலிண்டர் தூக்குவேன் என்றான். டாக்டர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாற்பத்தொன்றாம் நம்பர் அட்டையை நெஞ்சில் குத்தி அனுப்பினார்கள். கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை மழைக்கோட்டு, டார்ச், விசில், காயத்துக்குக் கட்டுத்துணி. சந்தபீர் இவற்றை மேலே வைத்து அடியில் சாராய பாட்டிலை வைத்தான். பை குலுங்கினால் உடைந்துவிடும் என்று முதல் நாள் முழுக்க இடுப்புக்கு மேலே அசையாமல் ஓடினான். ஆறரை அடி ஸ்வீடன்காரர் ஒருவர் இந்த ஓட்டத்தைப் பார்த்து அசந்துபோய், பின்னாலேயே வந்து தானும் அப்படி ஓடிப் பழகினார்.

இரண்டாம் நாள் சிஸ்னே. ஹர்கமான் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக மேஜைக்குப் பின்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தொழுவத்தை மேஜர் முதலுதவிக் கொட்டகை ஆக்கியிருந்தார். வெளிநாட்டுக்குத் தப்பிக்கிற வழி அடைபட்டுவிட்டது. சந்தபீர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான்.

"மாமா, உங்க வீட்டுல..."

"நம்பர்?"

"மாமா, உங்க வீட்டுல ஒண்ணு..."

"நம்பரச் சொல்லுய்யா. பின்னால ஆள் நிக்குது."

"நாப்பத்தி ஒண்ணு."

எழுதினார். தலை நிமிரவில்லை. சந்தபீர் மறுபடி ஆரம்பித்தான், அவர் விசிலை ஊதினார். அவன் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். அவன் வாயைத் திறந்தால் ஊதுவார். விசில் சத்தத்தில் வரிசை நின்றுவிட்டது. செக்போஸ்ட் மேஜையில் இருக்கிற உணவும் பானமும் ஓடுகிறவர்களுக்கு என்று விதி. அந்த விதிப்படி ஸ்வீடன்காரர் கையை நீட்டி பாட்டிலை எடுத்தார், திறந்தார், பாதியைக் குடித்தார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு சந்தபீரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, ரிப்பன் கட்டிய பாதையை விட்டுவிட்டு முள்ளங்கித் தோட்டத்துக்குள் ஓடினார்.

திறந்த பாட்டிலைத் திருடன் கொடுக்க முடியாது. சந்தபீருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹர்கமான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் முகாமுக்குச் சுக்மாயா புதுப் பாட்டிலோடு வந்து நின்றாள். மூங்கில் காட்டுக் குறுக்குவழியில், ரப்பர் செருப்போடு, முதலில் ஓடி வந்தவருக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாளாம். மேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால போங்க. யாருமே இல்லாதப்ப போங்க. அப்பத்தான் பேச முடியும்" என்றாள். "நான் மைதானேல, நாலாம் நாள் முடியற இடத்துல, துக்பா சூப் வெக்கற வேலைக்குச் சொல்லியிருக்கேன். அங்க நிப்பேன்." பிறகு குரல் தணிந்து, "இந்தத் தடவையும் முடியலன்னா விட்டுடலாங்க. எனக்கு அப்பா இல்லன்னு வெச்சுக்கறேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

நாலாம் நாள் சந்தபீர் ஓடினான். வாயில் சுர்பி என்கிற காய்ந்த பாலாடைக் கட்டி ஒன்றை அடக்கிக்கொண்டு, ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, சிலிண்டர் இல்லாத முதுகு இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவனே திகைக்கிற மாதிரி ஓடினான். மலைப்பாதையில் உள்ளூர்க்காரன் முதலில் வருகிறான் என்று மேஜருக்கு வாக்கிடாக்கியில் செய்தி போய், அவர் சந்தோஷத்தில் இரண்டு தடவை எழுந்து நின்றாராம். சிஸ்னேவுக்கு அவன் வந்தபோது பின்னால் நாற்பது நிமிஷத் தூரத்துக்கு ஆள் இல்லை.

மேஜையில் ஹர்கமான் மட்டும்தான். பாட்டிலைப் பார்த்தார். இடப்பக்கம் பாதாளம். பின்னால் கொட்டகையில் மேஜர். முன்னால் மருமகன். மிச்சமிருந்தது வலப்பக்கம் ரிப்பன் கட்டிய பந்தயப் பாதை.

ஹர்கமான் எழுந்தார். பதிவு நோட்டு கையை விட்டுப் போகக் கூடாது என்று விதி இருந்ததால் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஓடினார்.

அறுபத்து மூன்று வயது, காலில் முட்டிவரை ரப்பர் பூட்ஸ். சந்தபீர் நினைத்திருந்தால் நூறு அடியில் முந்தியிருப்பான். மாமனாரை முந்துகிற மருமகன் எங்கள் பக்கம் கிடையாது. ஆகையால் பத்தடி பின்னாலேயே, பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினான்.

"மாமா, உங்க வீட்டுல ஒண்ணு காணாம..."

விசில்.

"மாமா, விழுந்துடப் போறீங்க. மெதுவா."

விசில்.

"சரி, நான் பேசல. தண்ணியாவது குடிங்க."

இதற்கு மட்டும் விசில் இல்லை. அடுத்த திருப்பத்தில் தொண்டர்கள் நீட்டிய தண்ணீரை ஹர்கமான் ஓடிக்கொண்டே வாங்கிக் குடித்தார். முதலில் வருகிறவர் அவர்தான் என்று அவர்கள் கைதட்டினார்கள். அவரும் பழக்கதோஷத்தில் கையாட்டிவிட்டார். ஏற்றத்தில் இருவரும் நடந்தார்கள். பத்தடி இடைவெளி மட்டும் மாறவில்லை. ஒரு இடத்தில் அவர் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்க, சந்தபீரும் பத்தடி தள்ளி உட்கார்ந்தான். அவர் எழுந்தார், இவனும் எழுந்தான். இப்படியே பதினெட்டு கிலோமீட்டர்.

மைதானேயில் மேளம் கொட்டினார்கள். எல்லைக் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போன ஹர்கமான் கழுத்தில் யாரோ பட்டுச் சால்வையைப் போட்டார்கள். கூட்டம் விலகியது. எதிரே துக்பாக் கரண்டியோடு சுக்மாயா நின்றாள்.

விசில் அவர் வாயிலிருந்து விழுந்தது. திரும்பி ஓடக் கால் இல்லை.

"அப்பா."

"இளைச்சுப் போயிட்டே" என்றார் ஹர்கமான்.

"நீங்கதான் இளைச்சுட்டீங்க. உக்காருங்க மொதல்ல. கால் நடுங்குது பாருங்க."

உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். சந்தபீர் வந்து, அங்கேயும் பத்தடி தள்ளியே நின்றான். பாட்டில் கையில் இருந்தது.

"சொல்லிடாதேடா" என்றார் ஹர்கமான். அதட்டலாக ஆரம்பித்தது கெஞ்சலாக முடிந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும். சொல்லாதே."

சுக்மாயாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்ப்பா? பதினோரு வருஷமாக் கோவம் தீரலியா உங்களுக்கு? கிழங்கு தோண்டற அன்னைக்குப் போனேன், தப்புதான். அதுக்கு இப்படியா?"

"கோவமா? கோவமெல்லாம் அந்த வருஷக் குளுரோட போச்சு."

"பின்ன எதுக்கு ஓடறீங்க? எதுக்கு என்ன இப்படி அநாதையா வெச்சிருக்கீங்க?"

ஹர்கமான் துக்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இவன் வந்து தேடாதீங்கன்னு சொல்லுவான். நான் சரின்னு பாட்டில வாங்கணும். வாங்கிட்டா அப்புறம் தேடக் கூடாதுல்ல? தினம் சாயந்திரம் முகட்டுல ஏறி நிக்கறேன். உங்கம்மா கேட்டா மாட்டத் தேடறேன்னு சொல்றேன். மாடு தொழுவத்துல நிக்குது, அவளுக்கும் தெரியும். அங்கேர்ந்து பாத்தா உங்க வீட்டுத் தகரம் தெரியுது. பச்சத் தகரம். போன வருஷம் மாத்துனீங்க. நீ வாசல்ல வந்தா ஒரு புள்ளியாத் தெரிவே. இவன் சொல்றதக் கேட்டுட்டா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அங்க போயி நிக்கறது?"

சுக்மாயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பூட்ஸ் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா பகையென்று நினைத்து, அந்தக் கூரைக்கு அடியில் பதினோரு வருஷம் அழுதவள் அவள். மேளக்காரர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் மெல்லக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சந்தபீர் அந்தப் பத்தடியைக் கடந்து வந்தான். மண்டியிட்டு பாட்டிலை அவர் முன்னால் வைத்தான். ஹர்கமான் காதைப் பொத்தக் கையைத் தூக்கினார். மகள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல ஒண்ணு காணாமப் போச்சு, மாமா" என்றான் சந்தபீர். 'தேடாதீங்க' என்கிற அடுத்த வார்த்தையில் நின்றான். அவன் தாத்தா சொன்னது, அப்பா சொன்னது, ஊரே தலைமுறை தலைமுறையாக மாற்றாமல் சொல்லிவருவது. அதை அவன் சொல்லவில்லை. "எடுத்தவன் நான்தான். பொருள் பத்திரமா இருக்கு. நீங்க முகட்டுல நிக்க வேண்டாம். கீழ வந்து பாருங்க. தினமும் வந்து பாருங்க."

ஹர்கமான் அவனை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"அப்படியா சொல்லுவாங்க? முறை அது இல்லியே."

"எங்க வீட்டுல இனிமே அப்படித்தான் மாமா."

ஹர்கமான் இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.