இடது சக்கரமும் செக்கு மாட்டு லாடமும்

இன்னிக்கு அதியமான்கோட்டை ரேஸ் மைதானத்துல மாதம்மாக்காவப் பாத்தேங்க! சட்டையக்கூட மாத்தல, நேரா டைப் மிஷின் முன்னால உக்காந்து தட்டிட்டிருக்கேன். நம்ம மோட்டார் சங்கத்து நோட்டீஸ்ல இந்த வாரம் டயரப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன் இல்லீங்களா? டயரு கெடக்கட்டும்.

அந்தக்காவத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. யுத்தத்தப்போ கிரீஸ் டப்பா வராம நம்ம பஸ்ஸெல்லாம் கெடந்துச்சே, அப்போ ஆமணக்கு எண்ணெயில சுண்ணாம்பு போட்டுக் காச்சி, கெட்டியா மசகு பண்ணிக் குடுத்தது இவங்கதான். பொறந்த ஊரு கம்பைநல்லூரு. பதினாறு வயசுல காளியப்பண்ணனக் கட்டிக்கிட்டு இங்க வந்து, அவரோட சேந்து செக்கு ஓட்டறாங்க. மொத தடவ காச்சுனப்போ சுண்ணாம்பு சாஸ்தியாகி மசகு கல்லாயிருச்சாம். "அத வச்சி அம்மி கொத்தியிருக்கலாம்"னு காளியப்பண்ணன் இன்னும் சிரிக்கிறாரு. அஞ்சாவது காச்சல்லதான் சரியா வந்துச்சாம். அப்புறம் ஒகேனக்கல் பஸ்ஸு, அரூர் பஸ்ஸு எல்லாமே அந்த மசகுலதான் ஓடுச்சு. சீம கிரீஸ் திரும்ப வந்தப்புறமும் நெறய டிரைவருங்க மாத்திக்கல.

அப்பேர்ப்பட்டவங்க பேருதான் போன மாசம் கெட்டுச்சு.

போன ரேஸ் ஞாபகம் இருக்குங்களா? பெங்களூர் வெங்கடாசலம், அந்தச் சின்ன செவப்புக் காருக்காரரு, முன்னால போயிட்டிருந்தாரு. ஒம்பதாவது சுத்துல முன்பக்கத்து இடது சக்கரம் இறுகிப்போய் பொகஞ்சு நின்னுச்சு. கழட்டிப் பாத்தா, அந்தக்கா மசகு போட்டிருந்த பேரிங்கு நீலமா வெந்து கெடக்குது. அவரு மெக்கானிக் இன்னாசிக்கு வந்துச்சே கோவம்! அந்த வெந்த பேரிங்கத் தூக்கிட்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கே போயி, "பாருங்கய்யா, மாதம்மா மசகோட லட்சணத்த!"ன்னு எல்லா டிரைவருக்கும் காட்டிட்டாரு. மறுநாளே டின்னு டின்னா திரும்பி செக்கு வாசலுக்கு வந்துருச்சு. ஒரு மாசமா ஒருத்தரும் வாங்கல.

இன்னிக்குக் காலையில அந்தக்கா ஒரு கையில மசகு டின்னு, இன்னொரு கையில ஈரச் சாணி உருண்டையோட மைதானத்துக்குள்ள வந்தாங்க. நேரா இன்னாசிகிட்ட.

"ஏப்பா, நீதான் என் மசக பஸ் ஸ்டாண்டுல ஏலம் விட்டவனா?"

இன்னாசி ஸ்பேனர கீழ வைக்கல. "உள்ளதச் சொன்னேம்மா."

"வெந்தது எந்தப் பக்கம்?"

"இடது."

"வலது பக்கத்துக்கு எந்த மசகு போட்ட?"

"அதே டின்னுதான்."

"அது வெந்துச்சா?"

இன்னாசி தலையச் சொறிஞ்சாரு. "அது... புதுசாட்டம் இருந்துச்சு."

"ஒரே டின்னு மசகு. இடது பக்கம் போனா கெட்டது, வலது பக்கம் போனா நல்லதா? நல்ல நாயம்பா!"

சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. நானுந்தான். இன்னாசி மொகம் செவந்துபோச்சு. "அப்ப வேற என்னதான் காரணம், நீங்களே சொல்லுங்க!"

"காரு எந்தப் பக்கமா சுத்துது?"

"நாலு மூலைல வச்ச தகர ட்ரம்மச் சுத்தி எப்பவும் வலது கைப் பக்கமாத்தான் திரும்பும்."

"எங்க செவலையும் அப்படித்தான்."

செவலைன்னா அவங்க செக்கு மாடு. செக்கச் சுத்தி கல்லு பாவுன தரைங்கறதால லாடம் அடிச்சுத்தான் ஓட்டுவாங்களாம். வலது பக்கமா சுத்துற மாட்டுக்கு இடது காலு ரெண்டும் வெளிப்பக்கம். உள்கால் லாடம் ஒரு தடவ தேயறதுக்குள்ள வெளிக்கால் லாடம் ரெண்டு தடவ தேஞ்சுருமாம். "ஒரே இரும்புதான், ஒரே லாடக்காரருதான். இரும்பக் கொற சொல்லி நான் எந்தப் பஸ் ஸ்டாண்டுக்கும் போகல"ன்னாங்க!

அப்பத்தாங்க எனக்கு வெளங்குச்சு. திருப்பத்துல காரு வெளிப்பக்கமா சாயுது, பாரமெல்லாம் வெளிச் சக்கரத்து மேல வுழுது. சுத்துக்கு நாலு திருப்பம், நாலுலயும் அதே சக்கரம். ரோட்டுல போற காரு அந்தப் பக்கமும் திரும்பும், இந்தப் பக்கமும் திரும்பும், பேரிங்கு மாறி மாறி மூச்சு வுடும். இங்க இடதுக்கு ஓய்வே இல்ல. பொஸ்தகம் பொஸ்தகமாப் படிக்கிற எனக்கு இது தோணலையே!

ஆனா இன்னாசி வுடல. "மாடு வேற, மோட்டார் வேறம்மா."

"அதுக்குத்தாம்பா சாணி கொண்டாந்தேன். ஆறு சுத்து ஓட்டச் சொல்லு."

வெங்கடாசலம் பதறிட்டாரு. "அய்யய்யோ, எங்காரு மேல சாணியா?"

"மொதலாளி, பொங்கலுக்கு வூட்டு வாசல்லயே தெளிக்கிறோம். உங்க காரு அதவிட ஒசத்திங்களா?"

ஓட்டுனாரு. வந்து நின்னதும் அந்தக்கா ரெண்டு முன் சக்கரத்து நடுக் குடத்துலயும் ஒரே அளவு ஈரச் சாணி அப்புனாங்க. வண்டிக்காரங்க தொப்பூர் எறக்கத்துல அச்சு சூடு பாக்கறது இப்படித்தானாம். நாங்க அத்தன பேரும் குனிஞ்சு சாணியவே பாத்துட்டிருந்தோம். இடது பக்கம் கண்ணு முன்னாலயே வெளுத்து வெடிச்சு உதுந்துச்சு. வலது பக்கம் ஈரமாவே இருந்துச்சு.

"இப்ப ஆற வுட்டு, திருப்பிச் சுத்தச் சொல்லு. இடது கைப் பக்கமா."

மறுபடி ஆறு சுத்து, மறுபடி சாணி. இந்தத் தடவ மொதல்ல உதுந்தது வலது!

இன்னாசி ஸ்பேனரக் கீழ வச்சுட்டாரு. "இத்தன ரேஸா ரெண்டையும் ஒண்ணாத்தான் மாத்துவேன், ஒண்ணாத்தான் மசகு வெப்பேன். இடதுக்கு மட்டும் தனியா பாக்கணும்னு தோணவே இல்லம்மா"ன்னாரு.

"சரி, இப்பத் தோணிருச்சில்ல? புதுசு இருந்தா வெளிப்பக்கம் போடு. நேரமாவுது."

இடதுல புதுப் பேரிங்கு, ரெண்டு பக்கமும் அந்தக்கா கொண்டாந்த மசகு. சாயந்திரம் ரேஸு, இருவது சுத்து. ஒம்பதாவது சுத்து வந்தப்போ அந்தக்கா என் கையப் புடிச்ச புடியில நகத் தடம் இன்னும் இருக்குது, பாத்துக்கிட்டே தட்டறேன். பத்து, பதினஞ்சு, இருவது! வெங்கடாசலம் மூணாவதா வந்தாருங்க. மொதல்ல வந்தவருக்குக்கூட அவ்வளவு கைதட்டு இல்ல. இன்னாசி ஓடிப்போயி இடது குடத்துல உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. சூடுதான், ஆனா கைய எடுக்கல.

"என்னம்மா வேணும், கேளுங்க"ன்னாரு வெங்கடாசலம்.

"எனக்கொண்ணும் வேணாங்க. இந்தத் தம்பி எங்க நின்னு சொன்னுச்சோ அங்கயே நின்னு மாத்திச் சொல்லட்டும்."

அந்தச் செவப்புக் காருலயே போனோங்க! அந்தக்கா முன்னால, நானும் இன்னாசியும் பின்னால தொத்திக்கிட்டு. பஸ் ஸ்டாண்டுல இன்னாசி ஒரு மரப்பெட்டி மேல ஏறி நின்னு, "போன மாசம் நான் சொன்னது தப்புங்க. மசகு நல்ல மசகு. கவனிக்காதவன் நானு"ன்னாரு.

"பின்னால நிக்கிற அரூர் பஸ்ஸுக்குக் கேக்கல"ன்னாங்க அந்தக்கா.

இன்னாசி தொண்ட கிழிய மறுபடி சொன்னாரு. அரூர் பஸ் டிரைவர் சின்னன் எறங்கி வந்து, அந்தக்கா கையில இருந்த டின்ன வாங்கி, "எனக்குத் தாங்கக்கா, எஞ்சக்கரம் ஒரு மாசமா அழுவுது"ன்னாரு. அந்தக்கா சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க, கண்ணுல மட்டும் தண்ணி. எனக்குந்தாங்க.

எழுத்துத் தப்பு இருந்தா பொறுத்துக்கங்க, அவசரத்துல தட்டறேன். இந்த நோட்டீஸ படிச்சு மடிச்சு வெச்சுடாதீங்க, அடுத்து எந்த டிரைவரப் பாக்கறீங்களோ அவரு கையில குடுங்க. திரும்பின டின்னு இன்னும் செக்கு வாசல்ல அடுக்கியிருக்குது, போயி ஆளுக்கு ஒண்ணு எடுங்க. அப்படியே செவலையோட வெளிக்கால் லாடத்தையும் குனிஞ்சு பாத்துட்டு வாங்க.