இரண்டு டிக்கெட்டுக்கு நடுவில் வடிவக்கா

“உங்க வீட்டுல நல்ல நேரம் பாக்குதது யாரு?”

டிக்கெட் போட வருகிறவர்களிடம் சண்முகவடிவு கேட்கிற முதல் கேள்வி இதுதான். எந்த நாடு, என்றைக்குப் பயணம் என்பதெல்லாம் பிறகு. வந்தவன் ‘எங்க மாமியார்’ என்று சொல்லிவிட்டால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அவர்களை நாளைக்குக் கடைக்குக் கூட்டி வா என்பாள். பறக்கப்போவது மருமகன், விசாரணை மாமியாருக்கு. காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் நல்ல நேரம் பார்ப்பதில்லை, அவர்களிடம் கேள்வி வேறு மாதிரி இருக்கும். பயணம் சொல்லிக்கொள்ள எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும் என்று கேட்பாள். எந்த வீட்டிலும் ஒரு வாய் தின்னாமல் விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீடு அதிகமென்றால் விமானம் கிளம்பும் நேரத்தை அதற்குத் தக்கபடி முன்னால் இழுத்துச் சொல்லிவிடுவாள். கொஞ்சமும் கூசமாட்டாள்.

தூத்துக்குடி பாளையங்கோட்டை ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. ‘வடிவு டிராவல்ஸ்’ என்று போர்டு. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு போன். பிரிண்டர் வாங்கு என்று பல வருடமாகச் சொல்கிறேன், நீ எதற்கு இருக்கிறாய் என்கிறாள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். குள்ளம். நடந்தால் மேசையே கூட நகர்வதுபோல் ஒரு வேகம். எனக்கு அவள் வடிவக்கா. அவளுக்கு நான் ‘ஏலே ஜெராக்ஸு.’

நம் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் முதலில் வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டும். அங்கிருந்து மஸ்கட்டோ தோகாவோ போக வேறு விமானம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் வடிவக்கா அதைத்தான் போடச் சொல்வாள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. ஆனால் பல சமயம் அது அமைவதில்லை. இங்கே ஒரு கம்பெனி, அங்கே ஒரு கம்பெனி என்று தனித்தனியாகப் போட வேண்டியிருக்கும். அப்போதுதான் அவளுடைய பாடம் ஆரம்பமாகும். இரண்டு டீ கிளாஸை எடுத்து மேசையின் இரண்டு ஓரத்தில் வைப்பாள். சாவிக்கொத்துதான் பயணி. முதல் கிளாஸை விட்டுச் சாவிக்கொத்து கிளம்பியதும், மேசை நடுவில் அதைத் தொப்பென்று போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

“இந்தா கெடக்க பாத்தியா, இதான் நீ. மொத கம்பெனிக்காரன் ஒன்ன எறக்கி விட்டாச்சு, அவன் சோலி முடிஞ்சிது. ரெண்டாவது கம்பெனிக்காரனுக்கு நீ யாருன்னே தெரியாது. லேட்டா போனா, வரலன்னு எழுதிட்டு அவம்பாட்டுக்குப் போயிருவான். நடுவுல ஒனக்கு ஒரு சொந்தக்காரனும் கெடையாது, பாத்துக்கோ.”

அதனால் அவள் போடுகிற டிக்கெட்டுகளில் சென்னையில் அரை நாளாவது கிடக்க வேண்டியிருக்கும். பெட்டியை வாங்கி, வெளியே வந்து, அடுத்த கட்டடத்துக்கு நடந்து, மறுபடி வரிசையில் நின்று பெட்டியைப் போட்டு, சோதனை எல்லாம் முடித்தாலும் மிச்ச நேரம் மலையாய்க் கிடக்கும். அவ்வளவு நேரம் அங்கே என்ன செய்ய என்று எல்லோரும் முனகுவார்கள். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்த் தின்றுவிட்டுத் தூங்கு என்பாள். ஓடுகிற பயணமே ஆகாது அவளுக்கு.

ஆனால் பெரிய எதிரி ராகுகாலம்தான். திங்கள்கிழமை காலை ஏழரைக்கே ராகுகாலம் பிறந்துவிடும், அன்றைக்கு விமானம் என்றால் பாதிப் பேர் வாசல்படி தாண்டமாட்டார்கள். ராகுகாலம் முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து விமானத்தை விட்டவர்கள் உண்டு. முதல் விமானம் போனால் இரண்டாவது டிக்கெட்டும் சேர்ந்து போகும். இதற்கு வடிவக்கா கண்ட வழி, நம் பெரியவர்கள் வைத்திருந்த பழைய ஏற்பாடுதான். பரஸ்தானம். கிளம்புகிற நேரம் சரியில்லையென்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டால் போதும், பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு எப்போது கிளம்பினாலும் குற்றமில்லை. அந்த வேறு வீடாகத் தன் கடையையே கொடுத்துவிட்டாள். இப்போது அவள் கடை மூலையில் எப்போதும் மஞ்சள் பைகளும் சூட்கேஸ்களும் குவிந்து கிடக்கின்றன. ஒருநாள் ஒரு குக்கர்கூடப் பயணம் தொடங்கி உட்கார்ந்திருந்தது. இன்னொருவர் பரஸ்தானப் பைக்குள் பாஸ்போர்ட்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். விடிவதற்கு முன்னால் அக்கா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து கடை திறந்தாள், திட்டிக்கொண்டேதான்.

இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டேன். “பை முன்னாடி வந்துட்டா ஆளு பின்னாலயே வந்துருவாம்ல. எனக்கு அது போதும்” என்றாள்.

அவள் கணவர் செந்தூர்வேல் அண்ணாச்சி இதற்கு நேர் எதிர். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் வெளியே கடலில் நாலு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தாலும் அது கப்பல்தானே என்பார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. சாப்பாட்டுக்கு மட்டும் அவசரம் உண்டு. அதிலும் வீட்டில் ஒரு கஷ்டம். வடிவக்கா அனுப்பிய ஆள் சென்னையில் முதல் விமானத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்தால், ‘ஏறியாச்சு’ என்று தகவல் வருகிறவரை அவள் சாப்பிட மாட்டாள். போன் முதல் தடவை அடிக்கும்போதே எடுத்துவிடுவாள். அண்ணாச்சி மட்டும் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, அவளுக்கு மூடி வைப்பார்.

போன ஆனி மாதம் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். திருச்செந்தூரில்தான் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, மண்டபமும் பேசியாகிவிட்டது. ஒரே மகன் சிவப்பிரகாஷ் தோகாவில் லிப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தம்பதிகள் தலையில் கலசத் தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டியவன் அவன்தான். லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசிவரை இழுத்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் அவனே ஆபீஸிலிருந்து டிக்கெட் போட்டு, படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். தனித்தனியாக இரண்டு டிக்கெட். கல்யாணத்தன்று விடியக்காலை சென்னையில் இறங்கி, உடனே தூத்துக்குடி விமானம். நடுவில் மூச்சு விடக்கூட நேரமில்லை.

அக்கா அதை என் கடையில் பிரிண்ட் எடுத்து, கவுண்டரில் விரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“ஊரு பூரா எங்கிட்ட கேட்டுப் போடுது. பெத்த புள்ள கேக்காமப் போட்டுருக்கான் பாரு” என்றாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அதற்கு முந்தின நாள் வரை லீவு கிடையாது, இதை விட்டால் வேறு வழியே இல்லை என்றானாம். பெட்டி கொண்டுவராதே, தோளில் ஒரு பை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாளே மண்டபத்தை மாற்றினாள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு மண்டபம். அண்ணாச்சிக்கு முகம் தொங்கிவிட்டது. முருகன் கோபித்துக்கொள்வான் என்று சொல்லிப் பார்த்தார். “முருகனுக்கு மயில் இருக்கு. எம்புள்ளைக்கு டாக்சிதான இருக்கு. நாம சாயங்காலம் போயி முருகனப் பாத்துக்கிடுவோம்” என்றாள். அண்ணாச்சி திருச்செந்தூர் மண்டபக்காரருக்குப் போன் போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நான் போகும்போது ஹோமம் நடந்துகொண்டிருந்தது. பச்சைப் பட்டும் கழுத்து நிறைய மாலையுமாக அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் போன். அன்று பார்த்து அவள் பொறுப்பில் இன்னொருத்தியும் பயணத்தில் இருந்தாள். குலசேகரன்பட்டினத்து இசக்கிசெல்வி, நர்ஸ், மஸ்கட்டுக்கு முதல் பயணம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அக்கா திருப்பிச் சொல்லிக்கொண்டே, கட்டைவிரலால் அந்தப் பெண்ணுக்குத் தகவலும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சிவப்பிரகாஷின் போன் வந்தது. தோகா விமானம் தாமதம். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறான், கவுண்டர் மூடிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே அவன் குரல் கேட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்ற முடியாமல் போய்விட்டதே என்றான். அண்ணாச்சி அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அசரவில்லை.

“ஓடாத. மூச்ச விடு. அடுத்த கம்பெனி கவுண்டருக்குப் போயி ஒம் பேரச் சொல்லு. அதுக்கப்புறம் போற பிளேன்ல ஒனக்கு இன்னொரு டிக்கெட் கெடக்கு. அன்னைக்கே போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ வழி விசாரிக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார். என் மெஷினில் பிரிண்ட் எடுக்காமல், எனக்கே தெரியாமல் செய்திருக்கிறாள், கள்ளி!

ஆனால் அந்த விமானமும் சரியான நேரத்துக்கு வந்தால்தான் உண்டு. முகூர்த்தம் முடிவதற்குள் தண்ணீர் ஊற்றி, ஈரம் மாற்றி, தாலி கட்டியாக வேண்டும். ஐயரும் அக்காவிடம் இரண்டு டிக்கெட் போட்டுக் காசிக்குப் போய்வந்தவர்தான், அவருக்கு நிலைமை புரிந்தது. நீங்க எப்ப கவுண்டர மூடுவிய என்று அக்கா அவரைக் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் தாக்காட்டலாம் என்றார். இரண்டு ஸ்லோகம் கூடச் சேர்த்துச் சொன்னார். நாதஸ்வரக்காரர் தானாகவே ஒரு நீளமான பாட்டை எடுத்துக்கொண்டார்.

மண்டபம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் விமானச் சத்தம் நன்றாகக் கேட்டது. கூட்டமே வாசலுக்கு ஓடியது, நானும்தான். ஆனிக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. விமானம் தாழ்ந்து வந்தது. தரையைத் தொடப்போகிற நேரத்தில் மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது. சத்தம் தேய்ந்து இல்லாமலே போனது. உள்ளே வந்து பார்த்தால், மணையை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்பதால் அக்கா உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி, எங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். காற்று என்றேன். சுத்தி வருவான் என்றாள். அவள் கை அண்ணாச்சியின் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சுற்றித்தான் வந்தான். இந்தத் தடவை சத்தம் வந்து, தரையில் இறங்கி, நின்றது. ஐயர் கலசங்களை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அக்காவின் டாக்சிக்காரர் இசக்கியப்பன் அவனைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது, சமையல்காரர்கள்வரை வெளியே வந்து நின்றார்கள். சட்டை கசங்கி, தலை கலைந்து, தோளில் ஒரே ஒரு பை. மேடை ஏறி வந்து அப்பா அம்மா முன்னால் நின்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்பிட்டியால?” என்று மட்டும் கேட்டாள்.

சட்டை மாற்ற நேரமில்லை. இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, கையில் கலசத்தைக் கொடுத்தார் ஐயர். சிவப்பிரகாஷ் அதைத் தலைக்கு மேல் தூக்கிய நேரத்தில் அக்காவின் போன் அடித்தது.

இசக்கிசெல்வி. சென்னையில் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறாள். கூட்டம் முழுக்க ‘போன கீழ வை’ என்றது. ஐயர் கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினார். மகன் கலசத்தோடு தயங்கினான். “நீ ஊத்துல” என்றாள் அக்கா. போனை ஸ்பீக்கரில் போட்டு, தண்ணீர் படாதபடி இடது கையை எட்டின மட்டும் தள்ளி நீட்டிக்கொண்டாள். தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி கண்ணை மூடி, வாயெல்லாம் பல்லாக நனைந்தார். அக்காவின் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் வழிய, கண்ணைத் திறக்க முடியாமல், அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாத ளா, நான் இருக்கேம்லா. நேரா நடந்து வா. இப்ப அந்தப் பக்கம் திரும்பு, அந்தா, அங்கன.”

சொட்டச் சொட்ட நனைந்த வலது கை, மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கமாக நீண்டது. நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.